செக்டர் ஜெனரல் (புதின வரிசை)

செக்டர் ஜெனரல் என்பது வட அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் வைட் ஆங்கிலத்தில் எழுதிய அறிபுனை நூல் வரிசையாகும். விண்வெளியில் அமைந்துள்ள ஒரு மாபெரும் மருத்துவமனையும் அதில் பணியாற்றும் பல்வேறு கோள்களைச் சேர்ந்த மருத்துவர்களும் இதன் கதைக்களமும் மாந்தரும் ஆவர். இவ்வரிசையின் முதல் கதை 1957ஆம் ஆண்டு நியூ வேர்ல்ட்ஸ் எனும் பிரித்தானிய அறிபுனை இதழில் வெளியானது. 1962 முதல் 1999 வரை மொத்தம் பன்னிரண்டு நூல்கள் வெளிவந்தன.

விண்வெளிச் சாகசக் கதைகள் பெரும்பாலும் போரையும் படைத்தலைவர்களையும் மையமாகக் கொண்டிருந்த காலத்தில், வைட் மருத்துவர்களை நாயகர்களாக்கினார். எனினும் போர் இவ்வரிசையில் இல்லாமல் இல்லை. மருத்துவமனையை நடத்துவது ஒரு படை. அதன் அலுவலர் பலர் படைப்பதவி வகிப்பவர்கள். இரண்டாம் நூலான ஸ்டார் சர்ஜனில் மருத்துவமனையே முற்றுகைக்கு உள்ளாகிறது. போர் நடக்கும்போது மருத்துவமனை மருத்துவமனையாகவே நீடிக்க முடியுமா, படைச்சீருடை அணிந்த மருத்துவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பன இவ்வரிசை மீண்டும் மீண்டும் எழுப்பும் வினாக்கள் ஆகும்.

ஆசிரியர்

ஜேம்ஸ் வைட் 1928ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்த பின் மீண்டும் பெல்பாஸ்ட் திரும்பினார். மருத்துவம் படிக்க விரும்பியபோதும் குடும்பத்தின் பொருளாதார நிலை அதற்கு இடம் தரவில்லை. ஆடை தைத்து விற்கும் நிறுவனங்களில் பணியாற்றிய அவர், பின்னர் ஷார்ட் பிரதர்ஸ் எனும் வானூர்தி நிறுவனத்தில் வேலை செய்தார். கதை எழுதுவது அவருக்கு ஓய்வுநேரப் பணியாகவே இருந்தது. 1940களின் இறுதியில் வால்ட் வில்லிஸ் என்பவருடன் சேர்ந்து ஸ்லான்ட் எனும் அறிபுனை ஆர்வலர் இதழை உருவாக்குவதில் பங்கு கொண்டார். அவருடைய முதல் சிறுகதை 1953ஆம் ஆண்டு வெளியானது. வைட் 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று காலமானார்.

வைட் வன்முறையை வெறுத்தவர். அவர் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்த 1941ஆம் ஆண்டில் செருமானிய வான்படை பெல்பாஸ்ட் மீது குண்டுவீசியது. ஏப்ரல் மாதத்தில் நடந்த ஒரே தாக்குதலில் ஏறத்தாழ 900 பேர் இறந்தனர். 1960களின் இறுதியிலிருந்து 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கை வரை வட அயர்லாந்தில் நீடித்த உள்நாட்டு மோதலின் முக்கிய களங்களுள் ஒன்றும் இதே நகரம்தான். செக்டர் ஜெனரல் நூல்களில் பெரும்பாலானவை அம்மோதல் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் அயர்லாந்து பற்றிய நேரடிக் குறிப்புகளைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். ஆனால் ஒருவரையொருவர் ஐயுறும் இனங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டிய நிலை ஏறத்தாழ எல்லா நூல்களிலும் வருகிறது.

மருத்துவமனையும் படையும்

கதைகளின்படி, பன்னிரண்டாம் பிரிவுப் பொது மருத்துவமனை நமது விண்மீன் பேரடையின் விளிம்பில் அமைந்துள்ளது. அதில் 384 தளங்கள் உள்ளன. பேரடைக் கூட்டமைப்பில் இணைந்துள்ள அறிவுள்ள உயிரினங்கள் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வெப்பநிலை, அழுத்தம், ஈர்ப்பு, காற்று ஆகியவை அத்தளங்களில் செயற்கையாக உருவாக்கப்பட்டுள்ளன. உயிர்வளி சுவாசிக்கும் இனங்கள், குளோரின் சுவாசிக்கும் இனங்கள், நீரில் வாழும் இனங்கள், கதிரியக்கத்தை உணவாகக் கொள்ளும் இனங்கள் என அனைத்துக்கும் அங்கே இடம் உண்டு.

மருத்துவமனைக்கான பொருள் வழங்கல், பராமரிப்பு, நிருவாகம் ஆகியவற்றைக் கவனிப்பது கண்காணிப்புப் படை ஆகும். கூட்டமைப்பின் சட்டம் ஒழுங்கைக் காப்பதும் இப்படையின் பணியே. தலைமை உளவியலாளர் ஓமாரா இப்படையில் மேஜர் பதவி வகிப்பவர். கடுஞ்சொல் பேசும் இவர், பல்வேறு இன மருத்துவர்களிடையே பூசல் எழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றுள்ளார்.

முதல் கதையில் அறிமுகமாகும் இளம் மருத்துவர் கான்வே, படையினர் எவரையும் மதிக்காதவர். உயிரைக் காக்கும் தொழிலும் உயிரைப் பறிக்கும் தொழிலும் ஒன்றாக இருக்க முடியாது என்பது அவர் கொள்கை. அப்படையினரின் வேலை போரைத் தொடங்குவது அல்ல, தடுப்பது என்பதையும், தாம் பாதுகாப்பாக மருத்துவம் பார்ப்பதற்கு அவர்களும் ஒரு காரணம் என்பதையும் அவர் மெல்ல மெல்லவே உணர்கிறார். படையின் மீதான இந்த ஐயமும், அப்படையையே சார்ந்து இயங்க வேண்டிய நிலையும் வரிசை முழுவதும் தொடர்கின்றன.

உயிரின வகைப்பாட்டு முறை

இவ்வரிசையின் மிகவும் அறியப்பட்ட கூறு, நான்கு எழுத்துகளைக் கொண்ட உயிரின வகைப்பாட்டு முறையாகும். முதல் எழுத்து அவ்வுயிரினம் உடலளவில் எட்டியுள்ள பரிணாம நிலையைக் குறிக்கும். இரண்டாம் எழுத்து கைகால்கள், புலன் உறுப்புகள் ஆகியவற்றின் வகையையும் அமைவிடத்தையும் குறிக்கும். எஞ்சிய இரண்டும் வளர்சிதை மாற்றத்தையும், தேவைப்படும் அழுத்தம், ஈர்ப்பு ஆகியவற்றையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக:

* டி.பி.டி.ஜி. - மனிதர்.
* டி.பி.எல்.எஃப். - கெல்கியர். கம்பளிப்புழு போன்ற உடலும் வெள்ளிநிற மயிரும் கொண்டவர்கள். மனவுணர்ச்சிகள் மயிரின் அசைவில் வெளிப்பட்டுவிடுவதால் இவர்களால் பொய் சொல்ல இயலாது.
* எஃப்.ஜி.எல்.ஐ. - டிரால்தியர். ஆறு கால்களும் யானையை ஒத்த பருமனும் கொண்டவர்கள்.
* எஃப்.ஆர்.ஓ.பி. - ஹட்லர். மிகுந்த ஈர்ப்பும் அழுத்தமும் உள்ள கோளைச் சேர்ந்தவர்கள். வெற்றிடத்திலும் பணியாற்றக்கூடிய உறுதியான தோல் உடையவர்கள்.
* பி.வி.எஸ்.ஜே. - இலென்சர். குளோரின் சுவாசிப்பவர்கள்.
* ஜி.எல்.என்.ஓ. - சின்ரஸ்கர். மெல்லிய பூச்சி போன்ற உடலினர். பிறர் உணர்ச்சிகளைத் தாமும் உணரக்கூடியவர்கள்.

அமெரிக்க எழுத்தாளர் இ. இ. ஸ்மித்தின் லென்ஸ்மேன் கதைகளில் காணப்படும் ஒரு வகைப்பாடே இதற்குத் தூண்டுதலாக அமைந்தது. வைட் அதை ஒரு மருத்துவக் கருவியாக மாற்றினார். நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்படும் ஓர் உயிரினத்தின் பெயரோ ஊரோ தெரியாவிட்டாலும், அந்த நான்கு எழுத்துகள் தெரிந்தால் அதை எந்தக் காற்றில், எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். நோயர் எந்த நாட்டவர், எந்தத் தரப்பினர் என்பதைக் குறிக்க இம்முறையில் எழுத்து எதுவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கல்வி நாடாக்கள்

எந்த ஒரு மருத்துவரும் எல்லா இனங்களின் உடற்கூற்றையும் கற்றுவிட முடியாது. இதற்குத் தீர்வாக வைட் கற்பனை செய்தவை கல்வி நாடாக்கள் ஆகும். ஓர் இனத்தின் தலைசிறந்த மருத்துவரின் மூளைப்பதிவை, மற்றோர் இன மருத்துவரின் மூளையில் தற்காலிகமாக ஏற்றுவதே இம்முறை. இதில் ஒரு சிக்கல் உண்டு. அறிவை மட்டும் தனியே பிரித்து ஏற்ற முடியாது. பதிவு செய்தவரின் விருப்பு வெறுப்பு, உணவுப் பழக்கம், அச்சம், செருக்கு ஆகிய அனைத்தும் சேர்ந்தே வரும். அறுவை முடிந்ததும் நாடா அழிக்கப்படும். பல நாடாக்களை நிலையாக மூளையில் தாங்கி வாழும் மிகச் சிலர் டயக்னாஸ்டிசியன் எனும் உயர்பதவி பெற்றவர்கள்.

கதை உத்தி என்ற அளவில் இது வசதியானதுதான். ஆயினும் இதற்கு ஓர் அறப்பொருளும் உண்டு. தன்னை அருவருப்புடன் பார்க்கும் ஓர் உயிரினத்தின் கண்கொண்டு தன்னையே பார்த்த ஒருவருக்கு, பின்னர் அவ்வினத்தை எதிரி என்று எளிதில் ஒதுக்கிவிட முடிவதில்லை.

ஸ்டார் சர்ஜன்: முற்றுகையில் ஒரு மருத்துவமனை

ஸ்டார் சர்ஜன் (விண்மீன் அறுவை மருத்துவர்) 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாலன்டைன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் நியூ வேர்ல்ட்ஸ் இதழில் வெளியான இரு படைப்புகள் இதில் இணைக்கப்பட்டுள்ளன. பின்னதன் தலைப்பின் பொருள் களமருத்துவமனை என்பதாகும். போர்க்கால மருத்துவத்தை நேரடியாகப் பேசும் நூல் இதுவே.

கவனிக்க: கதையின் முடிவு பற்றிய விவரங்கள் கீழே தரப்பட்டுள்ளன.

லான்வெலின் எனும் மிக நீண்ட ஆயுள் கொண்ட ஓர் உயிரினத்தைக் கான்வே குணப்படுத்துகிறார். பின்தங்கிய கோள்களைச் சீர்திருத்துவதே அவ்வுயிரினத்தின் பொழுதுபோக்கு. எட்லா எனும் கோளின் மக்கள் எண்ணற்ற தொற்றுநோய்களால் வாடுவதைக் கண்டு, அது மருத்துவமனையின் உதவியை நாடுகிறது. எட்லா மக்கள் உடலமைப்பில் மனிதரை ஒத்தவர்கள். கூட்டமைப்பு அதுவரை அறிந்திராத ஒரு பேரரசின் குடிகள். அங்கு செல்லும் கான்வேயும் கண்காணிப்புப் படையினரும் ஒரு கொடிய உண்மையைக் கண்டறிகின்றனர். எட்லாவின் நோயாளிகளுக்கு உதவுவதாகக் கூறிப் பேரரசு தன் பிற கோள்களில் வரி தண்டுகிறது. அதில் மிகச் சிறு பங்கே எட்லாவை வந்தடைகிறது. அந்த வருவாய் தொடர வேண்டும் என்பதற்காக நோய்கள் திட்டமிட்டே பரப்பப்படுகின்றன.

உண்மை வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தில் பேரரசின் ஆட்சியாளர்கள் பழியைத் திருப்பிவிடுகின்றனர். எட்லாவில் நோயைப் பரப்பியது கூட்டமைப்பே எனத் தம் மக்களை நம்பவைக்கின்றனர். பேரரசு அறிந்திருந்த ஒரே கூட்டமைப்பு அமைவிடம் மருத்துவமனை என்பதால், போர் அங்கேயே வருகிறது.

நோயர்கள் வெளியேற்றப்படுகின்றனர். ஊழியர்களும் வெளியேறலாம் என அறிவிக்கப்படுகிறது. சண்டை மனித வடிவினர் இருவருக்கு இடையிலானது. எனவே மற்ற இனத்தவர் தங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆயினும் அவர்களில் பலர் தாமாகவே முன்வந்து தங்குகின்றனர். தலைவர் டெர்மாடின் கீழ் கண்காணிப்புப் படையின் கப்பல்கள் மருத்துவமனையைச் சூழ்ந்து நிற்கின்றன. தாக்குதல் தீவிரமடையும்போது மொழிபெயர்ப்புக் கணினி அழிகிறது. நேற்றுவரை ஒன்றாக அறுவை செய்தவர்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமல் நிற்கின்றனர். மூத்த மருத்துவர்கள் இல்லாத நிலையில் பொறுப்பு கான்வேயிடம் வந்து சேர்கிறது. பல இனங்களைச் சேர்ந்த காயமுற்றோரைக் கவனிக்க அவர் ஒரே நேரத்தில் பல நாடாக்களைத் தம் மூளையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதாகிறது.

காயமுற்றவர்களில் பேரரசின் வீரர்களும் உள்ளனர். சீருடையைக் களைந்துவிட்டால் பேரரசு வீரரையும் கண்காணிப்புப் படை வீரரையும் உடலைக் கொண்டு வேறுபடுத்த முடியாது. இருவரும் ஒரே நான்கு எழுத்துகள்தாம். இரு தரப்பினரும் அடுத்தடுத்த படுக்கைகளில் கிடத்தப்பட்டு, காயத்தின் கடுமை ஒன்றையே அளவாகக் கொண்டு மருத்துவம் பெறுகின்றனர். கொடியவர் எனத் தமக்குக் கற்பிக்கப்பட்ட வேற்றுலகவாசிகள் தம் உயிரைக் காக்கப் போராடுவதைக் காணும் பேரரசு வீரர்கள், தமக்குச் சொல்லப்பட்டவை பொய் என உணர்கின்றனர். போரின் முடிவுக்கு இதுவே திருப்புமுனையாக அமைகிறது.

இங்கே மருத்துவ நெறி பகைவரை வெல்வதற்கான தந்திரமாகக் காட்டப்படவில்லை. கான்வேயும் மற்றவர்களும் வேறு வழியில் மருத்துவம் பார்க்க அறியாதவர்கள். விளைவு பின்னர் வந்தது.

போர்க்கள மருத்துவ நெறியும் கதையும்

மேற்கண்ட கதைக்கு அடிப்படையாக உள்ள நெறி வைட்டின் கற்பனை அன்று. பிரெஞ்சுப் படைகளில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டொமினிக் ஜான் லாரே (1766-1842), காயமுற்றோரைக் களத்திலிருந்து விரைவாக அகற்றும் குதிரை வண்டிகளை 1790களில் ஏற்படுத்தினார். பதவி, நாடு ஆகியவற்றைப் பாராமல், காயத்தின் கடுமையைக் கொண்டே யாருக்கு முதலில் மருத்துவம் பார்ப்பது என முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் பின்பற்றிய முறையாகும். இன்று பேரிடர்களின்போது கையாளப்படும் முன்னுரிமை வகைப்படுத்தலுக்கு இது முன்னோடி.

1859ஆம் ஆண்டு சூன் 24 அன்று வட இத்தாலியின் சோல்பரினோவில் நடந்த போருக்குப் பின் கைவிடப்பட்டுக் கிடந்த காயமுற்றோரைக் கண்ட சுவிட்சர்லாந்து வணிகர் ஹென்றி டுனாண்ட், உள்ளூர் மக்களைத் திரட்டி இரு தரப்பினருக்கும் உதவினார். அவர் 1862இல் வெளியிட்ட நூல் செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்டது. 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, எந்த நாட்டைச் சேர்ந்தவராயினும் காயமுற்ற வீரருக்கு மருத்துவம் அளிக்க வேண்டும் என்றும், களமருத்துவமனைகளும் அவற்றின் ஊழியர்களும் நடுநிலையாளராகக் கருதப்பட வேண்டும் என்றும் வகுத்தது. 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை ஒருபடி மேலே சென்று, அவசர மருத்துவக் காரணம் தவிர வேறெந்தக் காரணத்துக்காகவும் ஒருவருக்கு மற்றவரைவிட முன்னுரிமை தரலாகாது எனக் கூறுகிறது.

வைட் இந்நெறியை மனித இனத்துக்கு அப்பால் நீட்டிப் பார்க்கிறார். அப்போது புதிய சிக்கல்கள் தோன்றுகின்றன. காயத்தின் கடுமை என்பதே இனத்துக்கு இனம் மாறுகிறது. மெல்லிய உடல் கொண்ட சின்ரஸ்கரைக் கொல்லக்கூடிய அடி, ஒரு ஹட்லருக்கு ஒன்றும் செய்யாது. மருத்துவமனைச் சுவர் ஒன்று உடைந்தால், கசியும் குளோரின் அடுத்த அறையில் உயிர்வளி சுவாசிப்போரைக் கொல்லும். உட்புகும் உயிர்வளியோ குளோரின் சுவாசிப்போருக்கு நஞ்சாகும். பிறர் வலியைத் தானும் உணரும் பிரிலிக்லா எனும் சின்ரஸ்க மருத்துவருக்குக் காயமுற்றோர் நிறைந்த கூடமே ஒரு வேதனைக் களமாகும். அதே உணர்திறன் நினைவிழந்தோரில் உயிர் எஞ்சியிருப்பவர் யார் என்பதைக் கண்டறியவும் பயன்படுகிறது.

போர்க்கப்பல் ஓர் அறுவைக் கருவியாக

1971ஆம் ஆண்டு வெளியான மேஜர் ஆபரேஷன் எனும் நூலில் படைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு தலைகீழாகிறது. டிராம்போ எனும் கோளில் வாழும் நோயர் ஒருவர் நிலப்பரப்பு அளவு விரிந்தவர். எந்தக் கத்தியும் அவ்வுடலுக்குப் போதாது. எனவே கண்காணிப்புப் படையின் போர்க்கப்பல் அணி கான்வேயின் ஏவலின்கீழ் கொண்டுவரப்படுகிறது. அழிப்பதற்காகச் செய்யப்பட்ட ஆயுதங்களே அறுவைக் கருவிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன.

1979ஆம் ஆண்டின் ஆம்புலன்ஸ் ஷிப் நூலில் ராப்வார் எனும் நோயாளர் ஊர்தி அறிமுகமாகிறது. இது பிற கோள்களில் விபத்துக்குள்ளான, அதுவரை அறியப்படாத இனங்களை மீட்பதற்கான கப்பல். செஞ்சிலுவையுடன், உதவி என்பதைக் குறிக்கப் பிற இனங்கள் பயன்படுத்தும் குறியீடுகளும் அதன் புறத்தே தீட்டப்பட்டுள்ளன. கப்பலின் தலைவர் பிளெட்சர் படை அதிகாரி. ஆனால் நோயர் கண்டறியப்பட்ட இடத்தில் ஆணையிடும் உரிமை மருத்துவரைச் சேர்ந்தது. முடிவெடுப்பது படைத்தலைவரா மருத்துவரா என்ற கேள்வி இக்கதைகளில் நடைமுறைச் சிக்கலாகவே எழுகிறது.

படை மருத்துவர் இருவர்

பிற்கால நூல்களில் வைட் மனிதரல்லாத இரு படை மருத்துவர்களை மையப் பாத்திரமாக்கினார்.

சா திராட்: 1987ஆம் ஆண்டு வெளியான கோட் ப்ளூ - எமர்ஜென்சி நூலின் நாயகி. சொம்மராட்வா எனும் கோளைச் சேர்ந்தவர். அங்கு சமூகம் ஆள்வோர், போர்வீரர், ஏவலர் எனப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மருத்துவர்கள் உள்ளனர். சா திராட் போர்வீரருக்கான அறுவை மருத்துவர். விபத்தில் காலில் கடுங்காயமுற்ற ஒரு கண்காணிப்புப் படை அதிகாரியைக் காப்பாற்றியதால் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். நோயருக்கு இழைக்கும் இழப்பை மருத்துவரும் ஏற்க வேண்டும் என்பது அவர் கற்ற தொழில்நெறி. ஹட்லர் ஒருவரின் கால் ஒன்றை மருத்துவக் காரணத்துக்காக அகற்றியதும், அவர் தம் உறுப்பு ஒன்றையும் வெட்டிக்கொள்கிறார். மற்ற மருத்துவர்கள் அதிர்ச்சி அடைகின்றனர். எனினும் மருத்துவரின் பொறுப்பு எங்கு முடிகிறது என்ற கேள்வியை அச்செயல் எழுப்பிவிடுகிறது.

லியோரென்: 1990களின் தொடக்கத்தில் வெளியான தி ஜெனோசைடல் ஹீலர் (இனத்தை அழித்த மருத்துவர்) நூலின் நாயகர். டார்லா எனும் கோளைச் சேர்ந்த இவர், கண்காணிப்புப் படையில் சர்ஜன்-கேப்டன் பதவி வகிப்பவர். குரோம்சாக் கோளின் மக்கள் கொடுநோயால் வாடியபடியே ஒருவரோடு ஒருவர் இடையறாது கைகலந்து போரிடுகின்றனர். மருத்துவமனையின் ஆய்வு முடியும்வரை காத்திராமல், லியோரென் மருந்தை மக்கள் அனைவருக்கும் வழங்கிவிடுகிறார். மருந்து வேலை செய்கிறது. உடல் தேறிய மக்களோ ஒருவரையொருவர் கொன்று ஏறத்தாழ முற்றாக அழிகின்றனர். நோயால் இனப்பெருக்கத் திறன் குன்றிய அவ்வினத்தில், உயிருக்கு ஆபத்தான சண்டை மட்டுமே அத்திறனைத் தூண்டியது என்பது பின்னரே தெரியவருகிறது.

படை நீதிமன்றத்தில் லியோரென் தமக்கு மரண தண்டனை கோருகிறார். நீதிமன்றம் மறுக்கிறது. பதவி பறிக்கப்பட்டு, ஓமாராவின் உளவியல் துறையில் பயிற்சியாளராகச் சேர்க்கப்படுகிறார். மீளா நோயிலும் துயரத்திலும் வாடும் நோயர்களோடு பேசுவது அவர் பணியாகிறது. பெருங்குற்றவுணர்வைச் சுமப்பவர் ஒருவரால்தான் அத்தகையோர் தம் மறைவுகளைச் சொல்லக் கேட்க முடிகிறது. இவ்வரிசையில் மிகவும் கனமான நூல் இது. அவசரமும் நல்லெண்ணமும் ஒன்றுசேர்ந்தால் ஆயுதம் செய்யக்கூடிய அழிவை மருந்தும் செய்யும் என்பதே அது உணர்த்துவது.

பிற அறிபுனைகளுடன் ஒப்பீடு

மருத்துவ அறிபுனை வைட்டுக்கு முன்பே இருந்தது. எல். ரான் ஹப்பார்டின் ஓல் டாக் மெத்தூசலா கதைகள் 1947 முதல் வெளியாயின. மரே லெயின்ஸ்டரின் மெட் ஷிப் கதைகள் 1957இல் தொடங்கின. இவ்விரண்டிலும் மருத்துவர் தனியாகக் கோள்களுக்குச் சென்று சிக்கலைத் தீர்ப்பவர். வைட்டின் கதைகளில் எந்த நோயும் ஒருவரால் மட்டும் தீர்க்கப்படுவதில்லை.

வைட்டின் நூலைப் போலவே ஸ்டார் சர்ஜன் எனும் தலைப்பில் 1960ஆம் ஆண்டு அமெரிக்க எழுத்தாளர் ஆலன் ஈ. நௌர்ஸ் எழுதிய இளையோர் புதினமும் உள்ளது. நௌர்ஸ் மருத்துவப் பட்டம் பெற்றவர். இரு நூல்களுக்கும் கதையளவில் தொடர்பில்லை.

1959ஆம் ஆண்டு வெளியான ராபர்ட் ஹைன்லைனின் ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் புதினம், வேற்றுலகவாசிகளுடனான போரைக் காலாட்படை வீரரின் பார்வையில் கூறுகிறது. அதே காலப்பகுதியில் எழுதப்பட்ட வைட்டின் கதைகளில் வேற்றுலகவாசி பெரும்பாலும் நோயராகவோ உடன் பணியாற்றுபவராகவோ வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர் அக்கால அறிபுனையின் இரு எல்லைகளை அறியலாம்.

விமர்சனங்கள்

தொடக்க நூல்களில் பெண்கள் பெரும்பாலும் செவிலியராகவே வருகின்றனர். பெண்களின் மூளை கல்வி நாடாக்களை ஏற்காது என்ற விதியும் கதையில் உள்ளது. வேற்றினங்கள் அனைத்தையும் சமமாகக் காணும் ஒரு கதையுலகில் இது பெரும் முரண் எனப் பலர் சுட்டியுள்ளனர். செவிலியராக அறிமுகமாகும் மர்ச்சிசன் பின்னர் நோய்க்கூற்றியல் வல்லுநராவதும், சா திராட் மையப் பாத்திரமாவதும் இக்குறையை ஓரளவே ஈடுசெய்கின்றன.

ஸ்டார் சர்ஜனில் பேரரசின் ஆட்சியாளர்கள் ஐயத்துக்கு இடமின்றித் தீயவர்கள். எனவே வாசகருக்கு யார் பக்கம் நிற்பது என்ற தடுமாற்றமே எழுவதில்லை. உண்மையான போர்களில் இது அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. கண்காணிப்புப் படையும் எப்போதும் நேர்மையானதாகவே காட்டப்படுகிறது. அமைதியைக் காக்க எவ்வளவு வன்முறை ஏற்கத்தக்கது என்ற கேள்வியைக் கதைகள் எழுப்பினாலும் முழுமையாக விவாதிப்பதில்லை.

நூல் பட்டியல்

* ஹாஸ்பிட்டல் ஸ்டேஷன் (1962) - சிறுகதைகள்
* ஸ்டார் சர்ஜன் (1963)
* மேஜர் ஆபரேஷன் (1971)
* ஆம்புலன்ஸ் ஷிப் (1979)
* செக்டர் ஜெனரல் (1983)
* ஸ்டார் ஹீலர் (1985)
* கோட் ப்ளூ - எமர்ஜென்சி (1987)
* தி ஜெனோசைடல் ஹீலர் (1990களின் தொடக்கம்)
* தி கேலக்டிக் குர்மே (1996)
* ஃபைனல் டயக்னோசிஸ் (1997)
* மைண்ட் சேஞ்சர் (1998)
* டபுள் கான்டாக்ட் (1999)

புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் முதலிரு நூல்களை வரிசைப்படி படிப்பது நலம். ஸ்டார் சர்ஜனில் சிதையும் மருத்துவமனை எவ்வாறு கட்டியெழுப்பப்பட்டது என்பதை ஹாஸ்பிட்டல் ஸ்டேஷன் கூறுகிறது. தி ஜெனோசைடல் ஹீலரைத் தனியாகவும் படிக்கலாம்.

தாக்கம்

வைட்டின் மறைவுக்குப் பின், 2000ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஜேம்ஸ் வைட் விருது எனும் சிறுகதைப் பரிசு தொடங்கப்பட்டது. 2001 முதல் 2003 வரை தொடக்க நூல்கள் தொகுப்புகளாக மறுபதிப்புப் பெற்றன. எஸ். எல். வீல் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டார்டாக் வரிசையும் பல இன நோயர்களைக் கவனிக்கும் ஒரு மருத்துவரைப் பற்றியதே. எலிசபெத் பேர் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட மெஷின் எனும் புதினத்தில் கோர் ஜெனரல் எனும் விண்வெளி மருத்துவமனை வருகிறது. அது வைட்டின் படைப்புக்குச் செலுத்தப்பட்ட மரியாதையாகும்.

களமருத்துவமனைகளும் நோயாளர் ஊர்திகளும் இன்றும் போர்களில் தாக்கப்படுகின்றன. 1864ஆம் ஆண்டில் எழுதப்பட்ட நெறி இன்னும் எல்லா இடங்களிலும் நடைமுறைக்கு வரவில்லை. அந்நெறியைத் தளர்த்தாமல் கடைப்பிடித்தால் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட வைட்டுக்கு 384 தளங்கள் கொண்ட ஒரு கற்பனைக் கட்டடம் தேவைப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* அறிபுனை
* ஜெனீவா உடன்படிக்கைகள்
* செஞ்சிலுவை இயக்கம்
* ஹென்றி டுனாண்ட்
* பெல்பாஸ்ட்